லூதருக்கு முன்னால் சாதாரண மக்கள் வீட்டில் பைபிள் வாசித்தார்களா?

வைகைக்கரை:
எங்கள் சபைப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: மார்ட்டின் லூதர் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய 1517-க்கு முன்னால் பைபிள் குருமார் கையில் மட்டும்தான் இருந்தது, அதையும் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், ஜனங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து ஓவியங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. லண்டன் நேஷனல் கேலரியில் ரோகிர் வான் டெர் வெய்டன் வரைந்த மகதலேனா இருக்கிறாள். 1430-களில் வரைந்தது. பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, வெள்ளைத் துணி உறை போட்ட புத்தகத்தில் மூழ்கிப்போயிருக்கிறாள். கபிரியேல் தூதன் மரியாளிடம் வரும் படங்களிலும் பெரும்பாலும் மரியாள் முன்னால் ஒரு புத்தகம் திறந்திருக்கிறது. யாரும் வாசிக்காத காலத்தில் ஓவியர்களுக்கு இது எப்படித் தோன்றியது? அந்தப் பெண்கள் கையில் இருப்பது என்ன புத்தகம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நல்ல கேள்வி சகோதரரே. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சங்கிலி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சங்கிலி போட்டது உண்மை. ஆனால் அது மக்கள் வாசிக்கக் கூடாது என்பதற்காக இல்லை, புத்தகம் திருடு போகாமல் அங்கேயே இருந்து வருகிறவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் சங்கிலி போட்ட நூலகம் இன்றும் இருக்கிறது. 1538-ல் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஓர் ஆங்கில பைபிள் வைக்கச் சொன்னான். அந்தச் சீர்திருத்தக் காலத்து பைபிள்களையும் பல ஊர்களில் சங்கிலியால்தான் கட்டினார்கள்.

அடுத்து, "முழு பைபிள் வீட்டில் இருந்ததா" என்பதை வைத்து அந்தக் காலத்தை அளந்தால் தப்பான விடைதான் வரும். பெரிய அளவில் ஒரு முழு பைபிளைத் தோலில் எழுத நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுத்தோல் வேண்டும். 1230-களிலிருந்து பாரிஸில் மெல்லிய தோலில், பொடி எழுத்தில், கையடக்கமான பைபிள்கள் வந்தன. அவை மாணவர்களுக்கும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த துறவிகளுக்கும் ஆனவை. கிராமத்துக் குருவானவர் பலரிடமே பூசைப் புத்தகமும் செபப் புத்தகமும்தான் இருந்திருக்கும்.

சாதாரண மக்களின் கையில் இருந்தது நேரச் செபப் புத்தகம். துறவிகள் ஒரு நாளில் எட்டு வேளை சொல்லும் செபத்தைச் சுருக்கி, மரியாளை மையமாக வைத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு என்று தொகுத்தது. ஓவியங்களில் மரியாள் கையில் இருக்கும் புத்தகத்தை, பார்க்கிற பெண் தன் வீட்டில் இருக்கும் செபப் புத்தகமாகவே பார்த்திருப்பாள். 15-ஆம் நூற்றாண்டில் பாரிஸ், ரூவான், ப்ரூஜ் நகரங்களில் இதை எழுதி விற்பது பெரிய தொழிலாகவே நடந்தது. 1480-களிலிருந்து பாரிஸில் அச்சடித்து மலிவாகவும் விற்றார்கள். குடும்பத்தில் பிறப்பு இறப்பைக் குறித்து வைப்பதும் இதன் நாட்காட்டிப் பக்கங்களில்தான்.

அதற்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் நம் விவாதமே வேறு பக்கம் திரும்பும். முதலில் நான்கு நற்செய்திகளிலிருந்தும் ஒவ்வொரு பகுதி: "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்ற யோவானின் தொடக்கம், கபிரியேல் வந்தது, ஞானிகள் வந்தது, மாற்குவின் கடைசிப் பகுதி. பிறகு மரியாளின் வேளைச் செபங்கள், அவற்றில் பெரும்பங்கு சங்கீதங்கள். தனியாக ஏழு மனஸ்தாப சங்கீதங்கள், அதாவது பாவத்துக்கு வருந்திச் சொல்பவை. நம் பைபிள் எண்ணிக்கையில் 6, 32, 38, 51, 102, 130, 143. கடைசியில் இறந்தவர்களுக்கான செபம். அதில் ஒன்பது வாசகங்கள், ஒன்பதும் யோபு புத்தகத்திலிருந்து.

இந்த யோபு விஷயத்தில்தான் எனக்கு மனம் தங்கிப்போகிறது. "என்னை விட்டுவிடும், என் நாட்கள் வெறுமையே" என்று கடவுளிடம் மல்லுக்கட்டுகிற அந்த மனிதனின் பேச்சை, ஒரு துணி வியாபாரியின் மனைவி இறந்த பிள்ளைக்காகவும் இறந்த தாய்க்காகவும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். 1348-ல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை அது திரும்பி வந்துகொண்டிருந்த ஐரோப்பா அது. இன்று சபைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் யோபுவின் 7, 10, 14 அதிகாரங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள்?

நெய்தல்:
ஐயா, தகவலுக்கு நன்றி. ஆனால் முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அது எல்லாம் லத்தீன். அர்த்தம் புரியாமல் உதட்டால் சொல்வதை நான் வாசிப்பு என்று ஏற்க மாட்டேன். அடுத்து, 1229-ல் துலூஸ் நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம் என்ன சொன்னது? பொதுமக்கள் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு இரண்டையும் வைத்திருக்கக் கூடாது என்றது. சங்கீதப் புத்தகமும் மரியாளின் செபப் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தாய்மொழியில் வைக்கக் கூடாது என்றது. நீங்கள் புகழ்கிற நேரச் செபப் புத்தகம் என்பது விட்டுக்கொடுத்த ஒரு துண்டு. முழுச் சாப்பாட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு பிடி கொடுத்தார்கள்.

முத்துக்குளித்துறை:
நெய்தல், லத்தீன் என்றால் ஒன்றுமே புரியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே இந்தச் செபப் புத்தகத்தில்தான். தினமும் சொல்கிற பாடல், அதைப் பற்றிப் பிரசங்கம், கோவில் சுவரில் படம், எல்லாம் சேர்ந்து பொருள் ஊறிப்போகும். இலக்கணம் தெரியாமல் இருந்திருக்கலாம். எந்தப் பாடல் பாவமன்னிப்புக்கு, எந்தப் பாடல் சாவுக்கு என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

படிக்கவே தெரியாதவர்களுக்கும் வழி இருந்தது. திருப்பாடல்கள், அதாவது சங்கீதங்கள், 150. அதற்குப் பதிலாக 150 "அருள் நிறைந்த மரியே" சொல்வதை "மரியாளின் சங்கீதமாலை" என்றே அழைத்தார்கள். நாம் இன்று சொல்லும் செபமாலை அந்த வழியில் வந்ததுதான். 15-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு மன்றாட்டோடும் கிறிஸ்துவின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நினைக்கிற வழக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் மாலை நேரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற சத்தத்துக்குப் பின்னால் திருப்பாடல் புத்தகம் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
நெய்தல் சொன்ன துலூஸ் தடை உண்மை. ஆனால் அது எங்கே, எப்போது என்று பார்க்க வேண்டும். தென் பிரான்ஸில், திருச்சபை பேதகர் என்று ஒதுக்கிய கத்தார்கள் என்ற குழுவினர் மேல் இருபது வருஷம் நடந்த சிலுவைப்போர் முடிந்த அதே வருஷம், அந்த வட்டாரத்துக்குப் போட்ட சட்டம் அது. ஐரோப்பா முழுக்கச் செல்லும் சட்டமாக அது இருந்ததில்லை. அதற்கு 30 வருஷம் முன்னால், 1199-ல், மெட்ஸ் நகரத்தில் ஆண்களும் பெண்களும் நற்செய்திகளையும் பவுலின் கடிதங்களையும் சங்கீதங்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வைத்துக் கூடி வாசிக்கிறார்கள் என்று ஆயர் புகார் எழுப்பினார். போப் மூன்றாம் இன்னசெண்ட் எழுதிய பதிலில், வேதத்தைப் புரிந்துகொள்ள ஆசைப்படுவது பாராட்ட வேண்டியதுதான் என்கிறார். இரகசியமாகக் கூடுவதையும், அனுப்பப்படாதவர்கள் பிரசங்கம் செய்வதையும்தான் கண்டிக்கிறார். அந்த இரட்டை நிலை கடைசிவரை தொடர்ந்தது.

தாய்மொழி விஷயத்துக்கு வருகிறேன். 1290-களில் குயார் தே மூலான் என்ற குரு பிரெஞ்சில் ஒரு "வரலாற்று பைபிள்" தயாரித்தார். பைபிள் கதைகளையும் அவற்றின் விளக்கத்தையும் சேர்த்துத் தருவது. அரச குடும்பங்களும் பிரபுக்களும் படங்களோடு எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்துப் பக்கம் நடந்தது.

டெவென்டர் என்ற ஊரில் கேர்ட் குரோட்டே என்று ஒருவர். 1340-ல் பிறந்தவர், பணக்கார வீடு, பாரிஸில் படிப்பு. பிறகு மனம் திரும்பி, தன் வீட்டை ஏழைப் பெண்கள் தங்கக் கொடுத்தார். குருப்பட்டம் வாங்காமல் திருத்தொண்டராகவே நின்று பிரசங்கம் செய்தார். நேரச் செபப் புத்தகத்தை டச்சு மொழிக்குக் கொண்டுவந்தார். 1384-ல் கொள்ளைநோயில் இறந்துபோனார். அவர் மொழிபெயர்ப்பு வாழ்ந்தது, நூற்றுக்கணக்கான கைப்பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே சங்கீதங்களை ஜனங்கள் தாய்மொழியில்தான் சொன்னார்கள். ஆகவே புரியாமல் உதட்டால் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு டெவென்டரில் எடுபடாது.

அவருக்குப் பின் வந்தவர்கள் "பொது வாழ்வுச் சகோதரர்கள்". துறவற வார்த்தைப்பாடு (வாக்குறுதி) இல்லாமல், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, புத்தகம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஸுட்ஃபென் ஊர் கெரார்ட் ஸெர்போல்ட், பொதுமக்கள் தாய்மொழியில் வேதம் வாசிக்கலாமா என்று தனியாக வாதிட்டு எழுதினார். வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும், ஆனால் தெளிவான போதனை உள்ள பகுதிகளை வாசிக்கட்டும், தீர்க்கதரிசிகள் போன்ற கடினமானவற்றை விட்டுவிடட்டும் என்பது அவர் முடிவு. முப்பது வயதை ஒட்டி 1398-ல் இறந்த மனிதர்.

நெய்தல்:
"தெளிவான பகுதி மட்டும்" என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் என் பிரச்சினை இருக்கிறது.

இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. திருச்சபையை விமர்சித்த ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் விக்லிஃபின் ஆட்கள் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முழு பைபிளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். 1401-ல் பேதகத்துக்கு, அதாவது திருச்சபைக்கு மாறான போதனைக்கு, எரிக்கும் தண்டனை சட்டமானது. 1409-ல் பேராயர் தாமஸ் அருண்டேல், ஆயர் ஒப்புதல் இல்லாமல் யாரும் வேதத்தை மொழிபெயர்க்கக் கூடாது, விக்லிஃப் காலத்தில் வந்த மொழிபெயர்ப்பை வாசிக்கவும் கூடாது என்றார். விக்லிஃப் இறந்தது 1384-ல். 1428-ல் அவர் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் போட்டார்கள். அடுத்த வருஷம் நார்விச் மறைமாவட்ட விசாரணையில் மார்ட்டம் ஊர் மார்ஜரி பாக்ஸ்டர் என்ற பெண்ணைப் பற்றிய சாட்சியத்தைப் படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இரவில் இரகசியமாக என் அறைக்கு வா, என் புருஷன் கிறிஸ்துவின் சட்டத்தைப் புத்தகத்தில் இருந்து வாசிப்பார், கேட்கலாம் என்கிறாள். அதைச் சொன்னது குற்றமாகப் பதிவாகிறது. தங்கள் வீட்டில், தங்கள் மொழியில், கணவன் வாசிக்க மனைவி கேட்பது குற்றம். இந்தக் கதையைச் சொல்லாமல் செபப் புத்தகத்தின் அழகை மட்டும் பேசுவது சரியில்லை.

தறி:
நெய்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த விக்லிஃப் பைபிள் பிரதிகளில் இன்று சுமார் 250 தப்பியிருக்கின்றன. மத்தியகால ஆங்கிலத்தில் வேறு எந்த நூலுக்கும் இத்தனை பிரதி கிடையாது. எத்தனையோ பிரதிகளில் எந்த ஞாயிறு பூசைக்கு எந்த வாசகம் என்ற அட்டவணை இருக்கிறது. அப்படியென்றால் கோவிலில் லத்தீனில் வாசிக்கக் கேட்பதை ஆங்கிலத்தில் தொடர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஆறாம் ஹென்றி அரசனிடமே ஒரு பிரதி இருந்தது. பேதகர்கள் மட்டும் ஒளித்து வைத்த நூல் அது இல்லை.

ஏட்டுச்சுவடி:
நெய்தல், மார்ஜரி பாக்ஸ்டரைக் கொண்டுவந்தது சரியான காரியம். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் நிலைமை மற்ற நாடுகளைவிட மோசம். அதே காலத்தில் மற்ற இடங்களைப் பாருங்கள். 1466-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மெண்டலின் ஜெர்மன் பைபிளை அச்சடிக்கிறார். லூதரின் புதிய ஏற்பாடு 1522-ல் வருவதற்குள் ஜெர்மன் மொழியில் மட்டும் 18 முழு பைபிள் பதிப்புகள் வந்துவிட்டன. வெனிஸில் 1471-ல் துறவி மலேர்மியின் இத்தாலிய பைபிள், அதே வருஷம் இன்னொரு இத்தாலியப் பதிப்பு. டெல்ஃப்ட் ஊரில் 1477-ல் டச்சுப் பழைய ஏற்பாடு. பிராகில் 1488-ல் செக் பைபிள். 1485-ல் மைன்ஸ் பேராயர் ஜெர்மன் மொழிபெயர்ப்புகளைக் கட்டுப்படுத்த ஆணை போட்டார், அதற்குப் பிறகும் அச்சு நிற்கவில்லை. விற்காத புத்தகத்தை யாரும் பதினெட்டு முறை அச்சடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இத்தனை நேரமும் என்ன வாசித்தார்கள் என்றே பேசினோம். எப்படி வாசித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அவர்கள் அளவுகோல் நம்முடையதிலிருந்து வேறு. நாம் ஒரு வருஷத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை முடிக்க அட்டவணை போடுகிறோம். அவர்கள் ஒரு வசனத்தோடு ஒரு நாள் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மலைமடத்தில் கார்த்தூசியன் சபைத் தலைவராக இருந்த இரண்டாம் கிகோ இதை நான்கு படியாக எழுதி வைத்தார்: வாசிப்பது, தியானிப்பது, செபிப்பது, கடவுளோடு தங்கியிருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் ருசியைக் கண்டுபிடிக்கிறது, கடைசிப் படி அந்த இனிமையே என்று அவரே விளக்குகிறார். துறவிக்கு எழுதியது இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் கடைவீதிக்கு வந்துவிட்டது. டெவென்டர் சகோதரர்கள் தங்களைத் தொட்ட வரிகளை ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்ப்பார்கள். வேலை செய்யும்போது அதில் ஒன்றை மனதில் வைத்திருப்பார்கள். அந்த வட்டத்தில் வளர்ந்தவர்தான் தாமஸ் அக்கெம்பிஸ். ஸ்வோல்லே ஊருக்கு வெளியே ஒரு மடத்தில் 1471 வரை வாழ்ந்தவர். முழு பைபிளையும் தன் கையால் பிரதி எடுத்தவர்.

முத்துக்குளித்துறை:
அக்கெம்பிஸ் எழுதிய நூலைக் "கிறிஸ்துநாதர் அநுசாரம்" என்று எங்கள் வீட்டில் பாட்டி வைத்திருந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் வேத வசனம் ஒலிக்கும், எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லியிருக்காது. இப்போது காரணம் புரிகிறது. அதிகாரமும் வசன எண்ணும் பார்த்து எழுதியவர் இல்லை, ஊறிப்போனதை எழுதியிருக்கிறார்.

வைகைக்கரை:
காட்சியைக் கண்முன் கொண்டுவந்து தியானிப்பது பற்றியும் யாராவது எழுதுங்கள். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா அப்படித்தான் மாறினார் என்று கேள்விப்பட்டேன்.

தறி:
இக்னேஷியஸ் வாசித்தது சாக்சனி லுடோல்ஃப் என்ற கார்த்தூசியன் துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை நூல். லுடோல்ஃப் 1378-ல் இறந்தவர். நற்செய்தி நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் எடுத்து, திருச்சபைத் தந்தையர் சொன்ன விளக்கம் கொடுத்து, கடைசியில் ஒரு செபத்தோடு முடிப்பார். நீ அங்கேயே நிற்பது போல் பார், கேள் என்பார். 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து லயோலா கோட்டையில் படுத்திருந்த இக்னேஷியஸ், வீரக்கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் அது இல்லை. இதையும் புனிதர் வரலாறு ஒன்றையும் ஸ்பானிஷ் மொழியில் கொடுத்தார்கள்.

நெய்தல்:
இந்த வகை நூலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் நிக்கோலஸ் லவ் என்ற கார்த்தூசியன் மடத்தலைவர் 1410-ஐ ஒட்டி இதே போன்ற ஒரு கிறிஸ்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். அதை வாசித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, லொல்லார்டுகள் என்ற விக்லிஃபின் ஆட்களுக்கு மறுப்பாகப் பரப்பச் சொன்னவர் யார்? அதே அருண்டேல். நற்செய்தியை நேராக வாசிக்காதே, நாங்கள் கதையாகச் சொல்வதை வாசி என்பதுதானே?

ஏட்டுச்சுவடி:
அருண்டேலின் நோக்கத்தில் உங்கள் கணிப்பு சரிதான். ஆனால் வாசித்தவர்கள் அவர் நோக்கத்துக்குள் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் லின் நகரத்து மார்ஜரி கெம்ப்பைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாது, பதினான்கு பிள்ளைகள் பெற்றவள். ஒரு குருவானவர் ஏழெட்டு வருஷம் அவளுக்குப் பைபிளையும் விளக்கவுரையையும், ஹில்டன், ரோல் போன்றவர்கள் எழுதிய பக்தி நூல்களையும் வாசித்துக் காட்டினார். இவளுக்கு வாசித்துக் காட்டியதால்தான் தனக்கே நிறையப் படிக்க வாய்த்தது என்று அந்தக் குரு பிறகு நினைத்தாராம். 1417-ல் யார்க் பேராயர் முன் அவளை நிறுத்தி, இனி கடவுளைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சத்தியம் செய் என்றார்கள். அவள் லூக்கா நற்செய்தியிலிருந்து பதில் சொன்னாள்: உம்மைச் சுமந்த வயிறு பேறுபெற்றது என்று ஒரு பெண் இயேசுவிடம் கூட்டத்தில் உரக்கச் சொன்னாளே, அவர் தடுத்தாரா? உடனே ஒரு குரு பவுலின் கடிதத்தை எடுத்துவந்து பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது என்று வாசித்தார். நான் பிரசங்க மேடை ஏறவில்லை, பேசத்தான் செய்கிறேன் என்றாள். எழுத்தே தெரியாத ஒருத்தி, காதால் கேட்ட வேதத்தை வைத்துப் பேராயரோடு வாதாடுகிறாள். வாசிப்பு என்று நாம் சொல்வதில் இதைச் சேர்க்காமல் விட முடியுமா?

கேட்பதும் சேர்ந்ததே அன்றைய வாசிப்பு. இரண்டு அரசர்களின் தாயான யார்க் சீமாட்டி சிசிலி நெவில், மதிய உணவின்போது பக்தி நூல் வாசிக்கச் சொல்லிக் கேட்பார், இரவு உணவில் அதையே உடன் இருப்பவர்களுக்குத் திருப்பிச் சொல்வார். அவர் வீட்டு ஒழுங்கு எழுத்தில் இருக்கிறது. லண்டனில் ஜான் கோலப் என்பவர் விட்டுப்போன பொருளில் "பொது நன்மைப் புத்தகங்கள்" எழுதவைத்தார்கள். ஒருவர் உயிரோடு உள்ளவரை வைத்து வாசிக்கலாம், பிறகு இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், புத்தகத்துக்குப் பொருள் கொடுத்தவர் ஆத்துமாவுக்காகச் செபிக்க வேண்டும். விற்கக் கூடாது.

நெய்தல்:
மார்ஜரி கெம்ப் பதிலை ரசித்தேன். ஆனாலும் அவள் அந்த வசனத்தை ஒரு குருவின் வாய் வழியாகத்தான் பெற்றாள். குரு மறுத்திருந்தால்? உரிமையாக இருப்பதும் தயவாகக் கிடைப்பதும் ஒன்றாகாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும், என் புராட்டஸ்டன்ட் பக்கத்துக்காரர்களுக்காகவே சொல்கிறேன். ரோமை விட்டுப் பிரிந்த பிறகும் இந்தத் தயவுக் கணக்கு தீரவில்லை. 1543-ல் எட்டாம் ஹென்றியின் பாராளுமன்றம், தொழிலாளிகள், பணியாட்கள், உழவர்கள், கூலிக்காரர்கள், மேல்குடி அல்லாத பெண்கள் ஆகியோர் ஆங்கில பைபிளை வாசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1546-ல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆட்டிடையர், சேன்பரி குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டே வேறொரு புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: இடையர்கள் வேதத்தை வாசிக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டதால் இந்தப் புத்தகத்தை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும்.

வைகைக்கரை:
1543 சட்டம் எனக்குப் புதிது. எங்கள் வாலிபர் கூடுகையில் இதையும் மார்ஜரி கெம்ப் சொன்ன பதிலையும் சேர்த்தே பேசப்போகிறேன். அந்தச் செபப் புத்தகங்களை இணையத்தில் பார்க்க முடியுமா?

ஏட்டுச்சுவடி:
முடியும். பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகம் தன் கைப்பிரதிகளைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் போட்டிருக்கிறது. முகப்பு ஓவியங்களோடு நின்றுவிடாமல், மனஸ்தாப சங்கீதங்கள், இறந்தவர் செபம் உள்ள பக்கங்களின் கீழ் ஓரத்தையும் பாருங்கள், விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். காத்ரின் ரூடி என்ற ஆய்வாளர் ஒரு கருவியை வைத்து இந்த அழுக்கின் அடர்த்தியை அளந்து, எந்தச் செபத்தை அதிகம் சொன்னார்கள் என்று கண்டுபிடித்தார். கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனித செபஸ்தியார் செபம் மிகவும் கறுத்துப்போன பக்கங்களில் ஒன்று. கூடுகைக்கு முன் சங்கீதம் 130-ஐயும் யோபு 7-ஐயும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுப் போங்கள். நெய்தல் எழுப்பிய உரிமை, தயவு கேள்வியை அங்கேயும் எழுப்புங்கள், வாலிபர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.